அப்பா பவர் பிரஸ் வாசித்த ராக் பாட்டு

குந்தாரப்பள்ளி சந்தையில் மாடுகளுக்கு நடுவே, ஒருவர் மினி வண்டியில் பழைய இசைத்தட்டுகள் விற்றுக்கொண்டிருந்தார். மருதாணி பூசிச் சிவந்த குடுமி, முட்டி கிழிந்த ஜீன்ஸ். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அவரே முதலில் கைதட்டினார்.

ஒரு காலத்தில் ஓசூரில் ராக் பாட்டுக்கென்றே சின்னதாக ரெக்கார்டு கம்பெனி நடத்தினாராம். அதைக் கேட்டதும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். போன மாதம் இறந்துபோன அப்பா, "நான் ராக் ரெக்கார்டுல வாசிச்சவன்" என்று சொல்லும்போதெல்லாம் வீட்டில் யாரும் நம்பியதில்லை.

"ஐயா, எங்கப்பா தகடு அடிக்கிற பவர் பிரஸ் ஓட்டுனவரு. உங்க ரெக்கார்டுல..."

"அந்த ஆளு பொண்ணா நீ!" என்று துள்ளினார். "டிரம்ஸ் வாங்க எங்களுக்கு வக்கில்லம்மா. ஞாயித்துக்கிழமை ஷெட்டுல உங்கப்பன் பிரஸ்ஸ ஓட்டுவான், அதான் தாளம். அது நமக்காக நிக்குமா? பின்னாடியே ஓடி ஓடிப் பாடுனோம். கேட்டவனெல்லாம், என்னா வேகம், இதான்டா ராக்குன்னான்!"

அந்த இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டார். டம், டம், டம். பாடியவர்களுக்கு மூச்சு வாங்கியது. மாடுகள் மிரண்டன. "நிறுத்துய்யா!" என்று மாட்டுக்காரர் கத்தினார். பாட்டு முடிந்து பிரஸ் நின்றதும், பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அப்பாவேதான்.

"இந்தச் சிரிப்ப வெட்டலையா ஐயா?"

"அது ஒண்ணுதாம்மா அதுல தாளம் தப்பாம இருந்துச்சு."

சிரித்தேன். அழுகிறேனோ என்று அவர் குனிந்து பார்த்தார். அவர் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. "இன்னொருக்கா போடுங்கய்யா" என்றுதான் வாயில் வந்தது.