கூரை எழும்பும் வண்டியில் இரண்டு இரவுகள்

எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. நானும் என் மனைவியும் சேர்ந்து தூங்கிய இரவுகள் என்றால், கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது கிடைத்தவை மட்டும்தான். துபாயில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வில்லாவில் அவளுக்கு வேலை. தங்குவதும் அங்கேயே, சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில். நான் அல் குசைஸில் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். கேம்பில் ஆறு பேர் இருக்கும் ரூமில் எனக்கு ஒரு மேல் கட்டில். வாரத்தில் ஒரு நாள் லீவில் பார்க்கில் உட்கார்ந்து பேசுவோம், வெளியே எங்காவது சாப்பிடுவோம், இருட்டியதும் அவளை வில்லா கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ் பிடிப்பேன். கேட்டில் வாட்ச்மேன் இருப்பான். அதனால் கையைக்கூடப் பிடிக்காமல் விடைபெறுவோம்.

அவளுக்கு ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் சிவகங்கை மாவட்டம். இரண்டு பேரும் பேசுவது தமிழ்தான் என்றாலும் பால் ஊற்றாத டீயை நான் கட்டன் என்பேன், அவள் சாயத்தண்ணி என்பாள்.

போன டிசம்பரில் அந்தக் குடும்பம் லீவுக்கு ஊருக்குக் கிளம்பியது. கிளம்புகிற அன்று மேடம் அவளிடம் ஒரு சாவியைக் கொடுத்து, வேன் சும்மா நின்றால் பேட்டரி போய்விடும், உன் வீட்டுக்காரர் டிரைவர்தானே, நீங்கள் இரண்டு பேரும் எங்காவது போய்விட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவள் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. லீவு கேட்டேன். சூப்பர்வைசர் வார லீவை ஒட்டி இரண்டு நாள் கொடுத்தார்.

அது முகாம் போடுகிறவர்களுக்கான வண்டி. பின் சீட்டை மடக்கினால் கட்டிலாகிவிடும். ஓரத்தில் ஒரு சின்ன கேஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. உள்ளே நின்று இரண்டு கொக்கிகளைக் கழற்றி, கூரையை இரண்டு கையாலும் தள்ளினால் முன்பக்கம் மேலே எழும்பும். எழும்பிய இடத்தைச் சுற்றி கேன்வாஸ் துணி, அதில் ஜிப் வைத்த ஜன்னல். மேலேயும் ஒரு படுக்கைப் பலகை உண்டு.

ராஸ் அல் கைமா மலைக்குப் போனோம். அடிவாரத்தில், வாதி என்று இங்கே சொல்லும் வறண்ட காட்டாற்றின் ஓரமாக மணல் மெத்தைபோல் ஒரு இடத்தைப் பார்த்து அவள் இங்கேயே நிறுத்தலாம் என்றாள்.

"இது தண்ணி ஓடுற பாதைம்மா. இப்ப காஞ்சு கெடக்கு. மலையில மழ பேஞ்சா இங்க நமக்குத் தெரியாது, தண்ணி வந்தப்பறம்தான் தெரியும்" என்றேன்.

மேலே ஏறி, சாலையை விட்டு விலகி ஒரு மேட்டுச் சமதரையில் நிறுத்தினேன். காற்று பக்கவாட்டில் அடிக்காதபடி வண்டியின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன டெண்ட் மட்டும் இருந்தது.

கூரையைத் தூக்கினோம். மேலே ஏறி, துணி ஜன்னலைத் திறந்து, குப்புறப் படுத்துக்கொண்டு மலையைப் பார்த்தோம். வெயில் இறங்க இறங்கப் பாறைகளின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. அவள் பலகையைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"மாடி வீடுங்க" என்றாள்.

"வாடகைக்கு விடலாமா?"

"கொஞ்ச நாள் நாமளே இருந்துட்டு அப்பறம் பாப்போம்."

வெயில் போனதும் குளிர் வந்தது. நான் பல வருஷமாக வளைகுடாவில் இருக்கிறேன். இங்கே குளிர்காலம் என்பது எனக்கு விடிகாலையில் பஸ்ஸை எடுக்கும்போது ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான். மலையில் அது வேறுவிதமாக இருந்தது. துணிச் சுவர் வழியாகக் காற்று நேரே எலும்புக்குப் போனது. என் பல் தந்தியடிப்பதைக் கேட்டு அவள் சிரித்தாள். பனியில் பிறந்து வளர்ந்தவள்.

"கூரைய எறக்குங்க. சூடெல்லாம் மேல போயிடுது."

"இப்பத்தானே ஏத்துனோம்."

"நாளைக்குப் பகல்ல ஏத்துவோம். கீழ படுத்தாத்தான் தாங்கும்."

இறக்கும்போது துணி இடுக்கில் மாட்டாமல் உள்பக்கமாக இழுத்து இழுத்து மடித்தாள். வெயிலுக்கு கார் கண்ணாடியில் வைப்போமே, அந்த வெள்ளித் தகடு மறைப்புகளை வில்லாவிலிருந்தே எடுத்து வந்திருந்தாள். அவற்றை எல்லா ஜன்னலிலும் செருகினாள். தண்ணீர் கொதிக்க வைத்து இரண்டு பாட்டிலில் ஊற்றி, பாட்டிலுக்குக் கம்பளி சாக்ஸ் மாட்டி, கால்மாட்டில் போர்வைக்குள் வைத்தாள். எனக்குக் காதை மூடும் தொப்பி ஒன்று. அடுப்பை மட்டும் எரியவிட்டு வைப்போம், கதகதப்பாக இருக்கும் என்றாள். நான் போய் அணைத்தேன். சிலிண்டரையும் மூடினேன். ஒரு பக்கக் கண்ணாடியை விரல் நுழைகிற அளவுக்கு இறக்கிவிட்டேன்.

"குளிருதுன்னு சொல்றதும் நீங்க, ஜன்னலத் தெறக்குறதும் நீங்க" என்றாள்.

அவளிடம் அதுவரை சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். சில வருஷங்களுக்கு முன்னால் பாலைவனத்தில் ஒரு சைட்டுக்கு செக்யூரிட்டி ஆட்களை ஏற்றி இறக்குவது என் டியூட்டி. ஒரு குளிர்கால விடியலில் ஹார்ன் அடித்தும் கேபினிலிருந்து யாரும் வரவில்லை. போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு தகர டப்பாவில் கரி வைத்திருந்தார்கள். புகையே இல்லை. இரண்டு பேரில் ஒருவர் பிழைத்தார். மற்றவர் தூங்குகிறவர் மாதிரியே படுத்திருந்தார். அவருக்குப் போர்வையை யாரோ கழுத்து வரைக்கும் நன்றாக இழுத்துவிட்டிருந்தார்கள்.

அவள் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ வெளியே இறங்கியபோது, டெண்டிலிருந்த இளைஞன் இறைச்சி சுட்ட அடுப்பை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து உள்ளே தூக்கிப் போவதைப் பார்த்தேன். கரி சிவப்பாகக் கனன்றது. உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"தம்பி" என்று கூப்பிட்டேன். தமிழில் கூப்பிட்டது வாய் தவறித்தான். அவன் என்னண்ணா என்று தமிழிலேயே கேட்டபடி திரும்பினான். கடலூர் பக்கமாம்.

"அத உள்ள வைக்காதீங்க தம்பி."

"கொஞ்ச நேரந்தாண்ணா. கொழந்த நடுங்குது. புகை எல்லாம் அடங்கிடுச்சு."

"புகை வந்தா இருமி எந்திரிச்சுருவீங்க. இது எந்திரிக்க விடாது."

அவன் அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருக்கலாம். அதற்குள் என் மனைவி பின்னாலிருந்து வந்து, டெண்ட் வாசலில் குனிந்து, உள்ளே இருந்த பெண்ணிடம் பேசத் தொடங்கிவிட்டாள்.

"பிள்ளையக் குடுங்கம்மா. வண்டியில சுடுதண்ணி போத்தல் இருக்கு, கட்டில் இருக்கு. நீங்களும் வாங்க."

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். அவன் அடுப்பைத் தரையில் வைத்தான். நான் தண்ணீர் ஊற்றி, கரி ஒவ்வொன்றாகக் கறுக்கும் வரை நின்றேன்.

இப்படியாக எங்கள் முதல் ராத்திரி போனது. கட்டிலில் இரண்டு பெண்களும் நடுவில் குழந்தையும். முன் சீட்டில் நான், பக்கத்தில் அந்தத் தம்பி. ஆளுக்கொரு போர்வை. அவன் மெதுவாகக் கேட்டான்.

"ஒங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டோமாண்ணா?"

"அதெல்லாம் இல்ல, தூங்குங்க" என்றேன். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

குழந்தை உடனே அடங்கவில்லை. என் மனைவி அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். தாலாட்டு மாதிரி எதுவும் இல்லை. இன்றைக்கு வண்டியில் வந்தது, வழியில் ஒட்டகம் பார்த்தது, மாமாவுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது என்று நடந்ததையெல்லாம் வரிசையாக அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை உம் கொட்டியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பார்க் பெஞ்சில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு எங்கிருந்து வரும். அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்கு இருட்டில் அவள் குரலைக் கேட்டபோது, அவள் பேசாமல் வைத்திருந்தது எவ்வளவு என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்தது.

பிறகு பேச்சு நின்றது. போனை லேசாக வெளிச்சம் போட்டு, முன்கண்ணாடியில் மாட்டிய சின்னக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கையைக் குழந்தையின் வயிற்றின்மேல் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி வாய் திறந்து தூங்குவாள் என்பது நாலு வருஷத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது.

காலையில் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வியர்த்து ஒழுகியது. ஐந்து பேர் மூச்சு. தம்பி தன் துண்டால் எல்லாவற்றையும் துடைத்தான். அவன் மனைவி ரவை கிளறினாள், இவள் சாயத்தண்ணி போட்டாள், வெயில் படுகிற பாறையில் உட்கார்ந்து குடித்தோம். குழந்தை என் தொப்பியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. வெயில் ஏறியதும் டெண்டைச் சுருட்டினார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் என் மனைவியைக் கட்டிக்கொண்டு, "வரேன்க்கா" என்றாள். தம்பி என்னிடம் கை கொடுத்துவிட்டு, கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

அவர்கள் கார் வளைவில் மறையும் வரைக்கும் என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைகளைப் பாறைமேல் காயப்போடும்போது ஒன்றை மட்டும் முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"மூத்திரம் போயிருக்கு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"தொவைச்சுருவோம்."

"அவசரமில்ல."

அன்றைக்குக் காற்று அடங்கிவிட்டது. பகல் முழுக்கக் கூரையைத் தூக்கி வைத்திருந்தோம். சாயங்காலம் அவளாகவே, இன்றைக்கு மேலேயே படுக்கலாம், இருக்கிற போர்வையெல்லாம் கொண்டுவாருங்கள் என்றாள். பாட்டில்களில் சுடுதண்ணீர் ஊற்றினோம். எத்தனையோ நாளாகப் பேச வேண்டும் என்று சேர்த்து வைத்த பேச்சு என்னிடம் நிறைய இருந்தது. முந்தின ராத்திரி உட்கார்ந்தே தூங்கிய இடுப்பு, பலகையில் சாய்ந்ததும் எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. அவள் தன் ஐஸ் மாதிரி பாதத்தை என் கெண்டைக்காலில் கொண்டுவந்து ஒட்டினாள்.

"குளுருதா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீங்க இருக்கீங்களான்னு பாத்தேன்."

பதில் சொல்ல நினைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். விழித்தபோது துணி முழுக்க வெளிச்சம். அவள் எனக்கு முன்னாலேயே எழுந்து, ஜன்னல் ஜிப்பைத் திறந்து வைத்து, போர்வைக்குள்ளிருந்தபடியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிறதே, கிளம்ப வேண்டாமா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுங்கள் என்றாள். பொறுத்தேன்.