ஐந்து நாள் கிடை

என் வீட்டுக்காரரிடம் நான் முதன்முதலில் பேசியது வசவுதான். அவர் ஓட்டி வந்த மாடு எங்கள் அவரைப் பந்தலில் வாய் வைத்துவிட்டது. "கண்ணு பொடனீலயா இருக்குது?" என்று கத்தினேன். பதிலே சொல்லாமல் மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. மனிதனுக்கு வாய் என்று ஒன்று வேண்டாமா?

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. அவர் மலையிலேயே இன்னொரு பகுதியான திண்ணனூர் நாட்டிலிருந்து எங்கள் வாழவந்தி நாட்டுக்கு மாடு மேய்க்க வந்தவர். ஊர் மாடுகள் அத்தனையும் அவர் பொறுப்பு. பகலெல்லாம் சரிவில் மேய்ப்பார். பொழுது சாய்ந்ததும் யாராவது ஒருவருடைய விளைகாட்டில் மாடுகளை மடக்கி, ராத்திரி முழுக்கக் கிடை போடுவார். சாணமும் கோமியமும் விழுந்த மண்ணில் சாமை செழித்து வரும். வீட்டுக்கு இரண்டு நாள் முறை. எந்த வீட்டு முறையோ அந்த வீட்டில் அவருக்குச் சோறு.

எங்கள் முறை வந்தது. சோறு கொண்டுபோனது நான். முதல் நாள் சட்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாம் நாள்தான் தெரிந்தது, ஓயாமல் கத்தும் ஒரு மாட்டுக்கு என் பெயரை வைத்திருக்கிறார் என்று. திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கிடை நகரவில்லை. முன்னால் நடக்கும் மாடு நிறைசினை, இன்றோ நாளையோ ஈன்றுவிடும், அதுவரை இடம் மாற்றக் கூடாது என்றார். இப்படியே மூன்று நாள் கூடுதலாகப் போனது. அதற்குள் அவர்மேல் உயிரையே வைத்துவிட்டேன். அப்புறம் மாமன் வீட்டு விசேஷத்துக்குப் போய் நாலைந்து நாள் கழித்துத் திரும்பினால், காடு காலியாகக் கிடந்தது.

அந்த மாடு ஒரு மாதம் கழித்துத்தான் ஈன்றது. எங்களுக்கு அடுத்த முறை பக்கத்துக் காட்டுப் பெரியப்பாவுக்கு. கிடை அங்கே போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டுமே! பாவம், வெறும் மண்ணில் விதைத்தார். பயிர் வளர்ந்தபோது எங்கள் பக்கம் கரும்பச்சை, வரப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சள். மனசில் இருப்பதை மறைக்கலாம், சாமைப் பயிரை எங்கே மறைப்பது? ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஊர் கூடியது. தப்பு என்று முடிவானால் அவரைத் திண்ணனூருக்கே அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு அவரை எங்கே பார்ப்பது?

"மொறைக்கு மேல முழுசா அஞ்சு நாளுங்க! எம்பட மொறையத் தின்னுபோட்டானுங்க" என்றார் பெரியப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் நின்ற பக்கமிருந்து, "பொய்யி! மூணே நாளுதானுங்க. சோறு கொண்டுபோன எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வாயே திறக்காத மனிதர் அப்போதுதான் திறந்தார்.

"இல்லீங்க, அஞ்சுதானுங்க. மாடு சினைன்னு சொன்னது சாக்குங்க. அதுல மூணு நாளு இந்தப் புள்ள சோறு கொண்டாந்துச்சு. அப்பறம் வரலீங்க. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு இன்னும் ரெண்டு நாளு பாத்தனுங்க. தப்புத்தானுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமன் வீட்டில் நானும் எதையோ பறிகொடுத்தவள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருஷம் எங்கள் முறையும் பெரியப்பாவுக்கே என்று ஊர்ப் பெரியவர் தீர்ப்புச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, "உம்பட புள்ள பேரும் அடிபடுது. இவன வெச்சுக்கறதா, அனுப்பறதா? நீயே சொல்லு" என்றார்.

அப்பா முன்கோபி.

"அந்த ரெண்டு நாளும் சோறு கொண்டுபோனது நாந்தானுங்க" என்றார் அப்பா. "ரெண்டு நாளும் சட்டி அப்படியே திரும்பி வந்துச்சு. மாட்டு மேல இத்தன கவலையான்னு நெனச்சனுங்க."

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. நேராக அவரிடம் போய், "இன்னிக்காவது சாப்ட்டியா சாமி?" என்று கேட்டார்.

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "போ கண்ணு, போயிச் சோத்தப் போட்டு வையி. நாங்க ரெண்டு பேரும் வாரோம்."