தனியாக ஓட முடியாத ஓட்டம்

எனக்குக் கண் தெரியாது. ஆனாலும் மாநிலத்துக்காக ஓடியவன். எங்களைப் போன்றவர்கள் தனியாக ஓடுவதில்லை. கண் தெரிந்த ஒருவர் கூடவே ஓடி வழிகாட்டுவார். இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைத்திருக்கும். என்னோடு ஓடியவர் சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில், என் ஊரான பாடாங் செராயில் நாங்கள் ஓடும் திடலுக்கு வந்துவிடுவார். ஓட்டத்தில் அவர் வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை. வளைவு வருவதை அவர் மணிக்கட்டு அசைவிலேயே தெரிந்துகொள்வேன்.

கோவிட் வந்ததும் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டார்கள். திடலைப் பூட்டினார்கள். ஆளுக்கு ஆள் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். எங்கள் கயிறு அதில் பாதிகூட இல்லை.

என் மனைவி வேலை செய்த கையுறைத் தொழிற்சாலை மூடவில்லை. அவள் போனபின் வீட்டில் நான் மட்டும்தான். முதலில் ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே ஓடினேன். பிறகு அதுவும் விட்டுப்போனது. பள்ளி பஸ், ரொட்டிக்காரர் ஹாரன் எல்லாம் நின்றுபோனதில் காலை எது, மதியம் எது என்றே தெரியவில்லை. கடைக்குப் போனால், முன்பு கையைப் பிடித்து அழைத்துப் போனவர்கள் தூரத்தில் நின்று வழி சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒருநாள் மனைவி திரும்பி வந்தபோது, அவள் வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடியே இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"எழும்பி என்ன செய்யப் போறேன்? இப்படியே படுத்து செத்துப் போனாலும் பரவால்லன்னு தோணுது," என்றேன்.

அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மறுநாளிலிருந்து காலையில் அவர் அழைப்பார். அவர் வீட்டில் அவர் ஓட, இங்கே நான் ஓடுவேன். போனில் அவர் மூச்சுக் கேட்கும். மருத்துவமனையில் மனநல ஆலோசகரிடம் என்னைப் பேச வைத்ததும் அவர்தான்.

பிறகு அவருக்கே தொற்று கண்டது. பிழைத்தார், ஆனால் நுரையீரல் தேறவில்லை. திடல் திறந்ததும் ஆசையாக வந்தார். பாதிச் சுற்றிலேயே நின்றுவிட்டார். மூச்சு அடங்கும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியலை லா தம்பி. நீ வேற ஆள பாத்துக்க," என்றார். கயிற்றை என் விரலிலிருந்து அவரே கழற்றினார்.

செமிலிங்கிலிருந்து வேறொருவர் வந்தார். நல்லவர், வேகமானவரும்கூட. ஆனால் வளைவு வரும்போதெல்லாம் என் உடம்பு தானாகப் பின்வாங்கியது. தேர்வு ஓட்டத்தில் பின்தங்கி, மாநில அணியில் இடம் இழந்தேன்.

இப்போதும் சில காலைகளில் எழ மனம் வராது. மனைவியிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அன்றைக்கு அவள் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போவாள்.