அதிக ஃபவுல் என் மகன் பெயரில்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. நாலு பேரை வளர்த்தேன். மூன்று பெண், ஒரு பையன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஒரு வரி எழுதி முடிக்க நேரமாகும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். வாயால் சொன்னால், கேட்டு எழுதுகிறவர்கள் சூட்டை ஆற்றிவிடுவார்கள்.

தஞ்சாவூரில் என் மகன் படித்த கல்லூரியில் கூடைப்பந்து ஆட இப்போது கூரை போட்ட பெரிய கூடம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு போர்டு. அந்தக் கல்லூரி டீம் தொடங்கிய நாளிலிருந்து யார் எதில் முதல் என்று அதில் இருக்கிறது. அதிகக் கூடை போட்டவர் ஒருவர், எகிறி அதிகப் பந்து பிடித்தவர் ஒருவர், கூட ஆடுகிறவனுக்குப் பந்தை அதிகம் கொடுத்தவர் ஒருவர். கடைசி வரியில் அதிக ஃபவுல் செய்தவர். அது என் மகன். இன்றுவரை அவனை யாரும் தாண்டவில்லை.

குத்தாலத்தில் எங்கள் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் மறைக்காமல்தான் சொன்னேன். சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன்.

ஒரு பொங்கல் கழிந்து, விடுதிக்கு முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போயிருந்தேன். அப்போது கூரை கிடையாது, வெறும் சிமெண்டுத் தரை. வெளியூர்க் கல்லூரியோடு போட்டி. எதிர்ப் பக்கத்தில் பனைமரம் மாதிரி ஒரு பையன். பந்து அவன் கைக்குப் போனால் கூடைக்குள்தான். ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பி.டி. வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. என் மகனைப் பார்த்து, தாடையை அந்த நெட்டைப் பையன் பக்கம் ஓர் ஆட்டு ஆட்டினார். இவன் ஓடிப்போய் மேலே விழுந்து பிடித்தான். விசில். ஃபவுல் செய்தவன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம், இவன் தூக்கினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தாடை, மறுபடி விசில், மறுபடி கை. ஐந்து ஃபவுல் ஆனதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் இவர்கள்தான் ஜெயித்தார்கள். இவர்கள் பக்கத்தில் கூடை போட்ட பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. "ஏண்டா, ஊரார் பிள்ளை மேல விழுந்து பிடிக்கிறதுக்கா உன்னை வளத்தேன்?" என்று கேட்டேன்.

அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னான். "அதான்மா என் வேலை. சார் சொல்லித்தான் பண்றேன். அவனை விட்டா கிட்டப் போயி சுலபமா போட்டுடுவான். பிடிச்சா கோட்டுல நின்னு போடணும், அதுல பாதி தப்பும். அதுக்குள்ள நம்மாளும் மூச்சு வாங்கிக்குவான்."

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. இந்த வேலை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு மிராசுதாரிடம் பண்ணை ஆளாக இருந்தார். வாய்க்காலில் தண்ணீர் குறைந்த வருடங்களில் மதகடியில் மண்வெட்டியோடு அவரைத்தான் நிறுத்துவார்கள். பக்கத்து வயல்காரர்கள் வந்தால் மறிக்க வேண்டும். ஒருமுறை கைகலப்பாகிப் போலீஸ் வந்தது. வழக்கு என் வீட்டுக்காரர் பேரில் ஆனது. விளைந்த நெல் மிராசுதார் வீட்டுக்குப் போனது. அவர் ஸ்டேஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மகனுக்கும் அதுதான் நடந்தது. கூடை போட்ட பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் பேங்க் வேலை கிடைத்தது. அவன் நல்ல பையன், அவனை நான் குறை சொல்லவில்லை. என் மகன் சிபாரிசு கேட்டுப் போனபோது பி.டி. வாத்தியார், ஃபவுலை எல்லாம் பேங்கில் யார் கேட்பார்கள் என்றாராம். காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை நடவே இல்லாமல் போன வருடம் அது. ஊரில் பாதிப் பையன்கள் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார்கள். இவனும் ஷார்ஜாவுக்குப் போய் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கினான். அவன் இறக்கிய மூட்டையில்தான் மூன்று பெண்களும் கரையேறினார்கள்.

இப்போது லீவில் வந்திருக்கிறான். போர்டில் பெயர் உள்ளவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்யப் போவதாகக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அவன் புதுச் சட்டை எடுத்து, அதையும் ஒருமுறை இஸ்திரி போட்டுக் கட்டிலில் விரித்து வைத்திருந்தான். நானும் அவன் மகளும் கூடப் போனோம்.

ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கூடை போட்ட பையன் இப்போது வழுக்கை விழுந்த மேனேஜர். அவனுக்கு நீளக் கைதட்டல். கடைசியில் மைக் பிடித்த வேறொரு வாத்தியார், "அடுத்து வர்றவர்கிட்ட கொஞ்சம் தள்ளியே நில்லுங்க, மேல விழுந்துடுவார்" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. பொன்னாடைக்குப் பதில், நாடாவில் கோத்த ஒரு விசிலை என் மகன் கழுத்தில் மாட்டினார்கள். அவனும் சிரித்தபடி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மேடை நடுவில் பெரிய நாற்காலியில் அந்தப் பி.டி. வாத்தியார். அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் எழுந்தேன். பேத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டு மேடைக்குக் கீழே போய் நின்றேன்.

"சார், அவன் தானா போயி விழல. நீங்க தாடைய ஆட்டுனீங்க, போனான். நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

சிரிப்பு நின்றது. மைக் பிடித்தவர், சும்மா தமாஷுக்குத்தான், உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை.

"விசில் அடிச்சா தப்பு பண்ணவங்க கை தூக்கணும்னு சார்தானே சொல்லிக் குடுத்தாரு. தம்பி, கழுத்துல மாட்டியிருக்காங்கல்ல, ஊது. யாரு தூக்குறாங்கன்னு பாப்போம்."

அவன் ஊதவில்லை. "வேணாம்மா" என்று விசிலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். ஊதாமலே ஒரு கை எழுந்தது. கூடை போட்ட பையனின் கை. அவன் வந்து தன் பொன்னாடையை எடுத்து என் மகன் தோளில் போட்டான். பி.டி. வாத்தியாரின் கை மடியிலேயே இருந்தது. பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்தார்.

பஸ்ஸில் மகன் விசிலின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே வந்தான். கும்பகோணம் தாண்டியதும், "தாடைய ஆட்டுனத நீ அப்பவே பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

நேற்று கல்லூரியிலிருந்து ஃபோன் வந்தது. எங்கள் மனம் வருந்தும்படி ஆகிவிட்டதாம். போர்டிலிருந்து அந்த வரியையே எடுத்துவிடுகிறார்களாம். மகன் சரி என்று சொல்லிவிட்டான். நான் சொல்லவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? அவன் அடிபட்டு, உதைபட்டு வாங்கிய வரி அது. அது போனால் அவன் அங்கே ஆடினான் என்பதற்கே அடையாளம் இருக்காது. வாத்தியாருக்கும் நிம்மதியாகப் போய்விடும். வரி அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் "பி.டி. வாத்தியார் சொன்னபடி" என்று சேர்த்து எழுதட்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இதை அப்படியே கல்லூரிக்கு அனுப்பப் போகிறேன்.

பாப்பா, இங்கே வா. முதலிலிருந்து படித்துக் காட்டு. சத்தமாகப் படி, உள்ளே உங்கப்பா காதிலும் விழட்டும்.