அறுபத்து நான்காம் எண்ணுக்கு இன்னொருவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். "நானும்." என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராபர்ட் அண்ணை கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "அப்ப ஒருத்தரும் இல்லை. அடுத்த பேர்" என்றார்.

வியாழக்கிழமை காலை கியூபெக்கின் லொங்குய்யில் என் அலுவலகத்தில் இருந்தபோது அதே ராபர்ட் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். அவர் எனக்கு அழைப்பவர் அல்ல. வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதோடு சரி. "பிள்ளை, ஜெசிந்தா மோசம் போட்டா" என்றார். "காலமை வேலைக்கு வெளிக்கிடேக்கை விழுந்தவவாம். மூளையிலை ரத்தக் கசிவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சுது." ஜெசிந்தா அக்காவுக்கு வயது முப்பத்தொன்பது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய தங்கை கேட்டார். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஜெசிந்தா அக்காவைக் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் தெரியும். அல்லது லவாலில் அவர் வேலை பார்த்த கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில், உங்கள் பிள்ளைகளைக் காலையில் கையேற்றுக்கொள்பவராகத் தெரியும். இறுதிச் சடங்கில் பேசியவர்கள் அவர் எப்போதும் சிரித்த முகம் என்றார்கள், யாருக்கும் விட்டுக்கொடுத்துப் போவார் என்றார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஜெசிந்தா அக்கா காலை ஆறு மணிக்குச் செய்தி அனுப்புவார், நாம் பேசி முடிக்கும் முன்பே மறுப்பார், தோற்ற வாதத்தை அடுத்த வாரம் முதலிலிருந்து தொடங்குவார். அவரைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும்.

இந்த ஊரில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஒவ்வொரு வசந்தத்திலும் தொழில்முறை அணிகள் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களிலிருந்து முறைவைத்து ஆள் எடுக்கும். அதுதான் டிராஃப்ட். எட்டுச் சுற்றுகள். முதல் சுற்றுகளில் போகிறவர்களைத் தொலைக்காட்சியில் எல்லோரும் அலசுவார்கள். ஏழாம், எட்டாம் சுற்றில் போகிறவர்களைப் பெற்ற தாயும் எங்களைப் போன்ற சிலரும் தவிர யாரும் பேசுவதில்லை. நாங்கள் ஆறு பேர், யார் யார் எடுக்கப்படுவார்கள் என்று முன்கூட்டியே பட்டியல் போடும் ரசிகர் குழு. ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் நிலவறை மண்டபத்தில் கூடுவோம். ஐந்து பேர் மன்னாரும் யாழ்ப்பாணமும். நான் மட்டும் சென்னையிலிருந்து படிக்க வந்து, வேலை கிடைத்துத் தங்கிவிட்டவள், கிறிஸ்தவளும் அல்ல. பூசை முடியும்வரை கீழே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி இரண்டு சுற்றுகளுக்கு ஒருவனுடைய பெயரைச் சொல்கிறவர் அவனுக்கு ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பன். ராபர்ட் அண்ணை விளையாட்டாகத் தொடங்கியது. ஞானஸ்நானத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் இதற்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் "நானும்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவன் பெயர், இரண்டு ஞானப்பெற்றோரின் பெயர்களோடு, மண்டபச் சுவரிலுள்ள பலகையில் ஏறும். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அவன் எந்த அணியில் இருக்கிறான், ஆடுகிறானா, வெளியே அனுப்பப்பட்டானா என்று அவர்கள் மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஜெசிந்தா அக்கா குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தார். ஒவ்வொரு ஆண்டும் ஒரு பெயர் சொன்னார். ஒரு தடவைகூட இன்னொருவர் கிடைக்கவில்லை. பலகையில் அவர் பெயர் இல்லை. பலகையைத் துடைத்துச் சுத்தம் செய்தவர் அவர்தான்.

நான் அவரை முதலில் பார்த்தது மலைச்சரிவிலுள்ள பல்கலைக்கழக மைதானம் ஒன்றில். குளிருக்குப் போர்வை சுற்றிக்கொண்டு தொலைநோக்கி வைத்திருந்தார். பந்து இடப்பக்கம் ஓடினால் அவருடைய தொலைநோக்கி வலப்பக்கம் நின்றது. கூட்டமே எழுந்து கத்தியபோது அவர் உட்கார்ந்தே இருந்தார். நான் போனில் அம்மாவிடம் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, பேசி முடித்ததும் திரும்பி, "நீர் பந்தைப் பாக்கிறீர்" என்றார். அதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். குற்றம் சொல்லும் குரல். அவர் வழியாகத்தான் குழுவுக்கு வந்தேன்.

அவர் பார்த்தது லைன்மன்களை. பந்தைத் தொடவே தொடாமல், எதிரில் வருபவனைத் தடுத்து நிற்பது ஒன்றே வேலையாக உள்ள முன்வரிசைக்காரர்களை. அவர்களைப் பற்றிப் புள்ளிவிவரம் என்று பெரிதாக எதுவும் கிடைக்காது. ஏன் அவர்களை என்று கேட்டபோது கார்தெரி வேலையைச் சொன்னார். "பன்னிரண்டு பிள்ளையளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனா, ஓடுற பிள்ளையை எல்லாரும் பாப்பினம். நான் நிக்கிற பிள்ளையைப் பாக்கிறனான்."

சென்ற இலையுதிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் ஒன்றாகப் போனோம். அவர் பார்ப்பார், நான் எழுதுவேன். ஒருவன் எத்தனை தடவை தரையில் கிடந்தான், விசில் அடித்த பிறகு நடந்து வந்தானா ஓடி வந்தானா, விழுந்த தன் அணிக்காரனைக் கைகொடுத்துத் தூக்கினானா. அந்த நீலநிறப் பள்ளிக்கூட நோட்டில் பதினொரு லைன்மன்கள் இருக்கிறார்கள். அவர்களில் அக்காவின் ஆள் அறுபத்து நான்காம் எண் சட்டை போட்டவன். எதிரணியிடம் பந்து இருக்கும்போது மற்ற முன்வரிசைக்காரர்கள் மைதான ஓரத்துப் பெஞ்சில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று ஆட்டம் பார்க்கும் பையன். பின்னாலிருந்த ஒரு கியூபெக் கிழவர், அக்கா அவனை விடாமல் பார்ப்பதைக் கவனித்து, உங்கள் மகனா என்று பிரெஞ்சில் கேட்டார். அக்கா "இல்லை, மெசியூ" என்று பிரெஞ்சிலேயே சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "எனக்கு முப்பத்தொன்பது. உவனுக்கு இருபத்திரண்டு. உந்தாளுக்குக் கணக்கும் தெரியாது, கண்ணும் தெரியாது" என்றார். அன்று மட்டும் சிரித்தார். சிரித்த முகம் என்றவர்களுக்காக அதையும் எழுதுகிறேன்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தக் குழு பயன்படுத்தும் கணினி அட்டவணையை உருவாக்கியவள் நான். வேலையில் செய்வதையே அங்கும் செய்தேன். உயரம், எடை, ஓட்ட வேகம், ஆடிய ஆட்டங்கள் எல்லாம் போட்டால் அது ஒவ்வொருவனுக்கும் ஒரு மதிப்பெண் தரும். எல்லோரும் அதை "ஷீட்" என்பார்கள். "ஷீட் என்ன சொல்லுது?" என்ற கேள்வியோடு எந்தச் சண்டையும் முடிந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. நோட்டில் எழுதியவற்றுக்கு அட்டவணையில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி அக்டோபரிலேயே கேட்டார். "அப்புறம் சேர்க்கறேன் அக்கா" என்றேன். டிசம்பரில் கேட்டார். பனி உருகிய பிறகு கேட்டார். வேலை அதிகம் என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. தரையில் கிடந்ததை எண்ணுவது அளவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லாமல், பிறகு பிறகு என்று தள்ளினேன்.

அந்த ஞாயிறு, டிராஃப்டுக்கு ஒன்பது நாள் முன்பு, இறுதிப் பட்டியல் போட உட்கார்ந்தோம். அக்கா அறுபத்து நான்கின் பெயரைச் சொன்னார். ராபர்ட் அண்ணை மடிக்கணினியைத் திறந்தார்.

"ஷீட்டிலை கடைசியிலை நிக்கிறான், ஜெசிந்தா."

"ஷீட் அவனைப் பாக்கேல்லை. நான் பாத்தனான்."

செல்வன் காப்புறுதி முகவர், வாய்க்காரர். "நீங்கள் போன வருஷமும் ஒருத்தனைப் பாத்தனீங்கள். அவன் இப்ப சாமான் ஏத்தி இறக்கிறான்" என்றார்.

"ஏத்தட்டும். விழாமல் ஏத்துவான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு தமக்குச் சாதகமாக இருக்கிறது என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். என் பக்கம் கையைக் காட்டி, "உவவின்ரை ஷீட் ரேடியோ மாதிரி. தன்ரை பாட்டிலை கதைக்கும், ஒருத்தர் சொல்லுறதையும் கேக்காது" என்றார். மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து.

"சரி, பெயர் சொல்லியாச்சு. இன்னொருத்தர் ஆர்?" என்று ராபர்ட் அண்ணை கேட்டார்.

நோட்டு என் பையில் இருந்தது. பை என் காலடியில் இருந்தது. மற்ற நான்கு பேரும் சொல்ல மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் தேநீரைப் பார்த்தேன். கொள்கை எதுவும் இல்லை. ரேடியோ என்றது சுட்டது, அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுச் சம்மதித்திருப்பேன். அவரோ கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு மெத்ரோ ரயிலுக்கு நடந்தார். வழக்கமாக ஒன்றாகப் போவோம். நான் ஐந்து நிமிடம் கழித்துப் புறப்பட்டேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. "இன்னும் ஒருத்தர்தானே வேணும். யோசிச்சுப் பாரும்." பதில் எழுதவில்லை. வார இறுதியில் எழுதலாம் என்று விட்டேன்.

சனிக்கிழமை பகலில் அந்தப் பத்தியைச் சேர்த்தேன். பதினொரு பேருடைய எண்களையும் நோட்டிலிருந்து ஏற்றினேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. அக்டோபரிலிருந்து கேட்ட வேலை. அறுபத்து நான்காம் எண் லைன்மன்களில் கடைசியிலிருந்து மூன்றாவது இடத்துக்கு வந்தது. கடைசிச் சுற்றுக்கு அது போதும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர்மேலும் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது. அவ்வளவு பேரின் நடுவில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

திங்களன்று அடக்கம் செய்தோம். செவ்வாய் மாலை டிராஃப்ட். கூடுவதா வேண்டாமா என்று குழுவில் பேசி, கூடினோம். செல்வன் ஒரு பெட்டி ரோல்ஸ் பலகாரம் வாங்கி வந்திருந்தார். யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. ராபர்ட் அண்ணை மடிக்கணினியைத் திறந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இவன் எப்பிடி மேலை வந்தவன்?"

புதிய பத்தி என்றேன். நோட்டை மேசைமேல் வைத்தேன். மூன்று ஆட்டங்களின் எண்களை வாசித்தேன். வாக்குவாதம் வரும் என்று ஆயத்தமாக இருந்தேன். இரவெல்லாம் பதில்கள் யோசித்திருந்தேன். அவர்கள் தலையசைத்தார்கள்.

"ஷீட் சொல்லுதெண்டாச் சரி" என்றார் செல்வன்.

"இதைத்தான் அக்கா போன வாரம் சொன்னாங்க. இதே இடத்துல."

"அவ வாயாலை சொன்னவ பிள்ளை. இது கணக்கெல்லோ."

"இது அவங்க கணக்கு. நான் எழுதினவ மட்டும்தான்."

நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். ஒன்பது நாள் தாமதமாக, யாரும் கேட்காமலே. ராபர்ட் அண்ணை, "ஜெசிந்தா ஒண்டு. நீர் ரெண்டு. எழுதுவம்" என்று தானே எழுந்து பலகையில் எழுதினார். முழுவதும் முடிய இரண்டு நிமிடம் ஆகவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா ஆறு ஆண்டுகள் நின்று சண்டை போட்டார். ஒருவர்கூட அவரோடு முழுதாக ஒரு சண்டை போட்டு முடிக்கவில்லை, நான் உட்பட. அவரைச் சிரித்துத் தாண்டினோம். கடைசியில் ஒரு திரையைப் பார்த்து ஒப்புக்கொண்டோம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை: அந்த நீல நோட்டு, அதில் எழுதாத பதினான்கு தாள்கள். பதில் எழுதாத ஒரு செய்தி. கூட்டத்தில் எங்கே போனாலும் நிற்கிறவரைத் தேடும் பழக்கம். மெத்ரோவிலும் அலுவலகத்திலும் அதைச் செய்கிறேன், நிறுத்த முடியவில்லை. இவற்றோடு மூன்று ஆண்டு வேலையும். மண்டபப் பலகையில் எங்கள் இருவர் பெயர்களும் இருப்பதால், அறுபத்து நான்காம் எண்ணைப் பற்றிய தகவலைச் சொல்லும் பொறுப்பு இப்போது எனக்கு மட்டும். முதல் தகவலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று எட்டுச் சுற்றுகளும் முடிந்தன. எந்த அணியும் அவன் பெயரை வாசிக்கவில்லை. அடுத்த வாரம் மேற்குக் கனடா அணி ஒன்று அவனைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. ஒன்பதாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.