பட்டுக்கைக்காரர் வீட்டு ஜன்னல்

சர்ர்... சர்ர்... சர்ர்...

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது அவள் சமையலறையில் பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பதினான்கு வருடங்களாகக் கேட்டுப் பழகிய சத்தம்தான். மரத்தில் உப்புத்தாள் தேய்கிற சத்தம். கணவரின் தொழிலுக்கு ஒரு குரல் உண்டென்றால் அது இதுதான். ஆனால் இன்று அது காதில் விழுந்ததும் பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

குழந்தையின் அறை. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூசி மினுமினுத்து மிதந்தது, பார்க்க அழகாகக்கூட இருந்தது. அதன் நடுவில் முழங்கை வரை வெளுத்துப்போய் அவர் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலின் ஒரு கதவு வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தது.

"ஐயோ! என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன் கத்துற? பத்தரைக்கு நகராட்சி ஆபீஸ்லேருந்து ஆள் வருதுல்ல? பெயிண்டர் வீட்டு ஜன்னலே தோல் உரிஞ்சு தொங்குனா, வெளிய போய் என்ன பேசுவாங்க?"

"அவங்க பார்க்க வர்றதே அந்தத் தோல் உரிஞ்ச ஜன்னலைத்தானே! நாங்க வந்து பார்க்கிற வரைக்கும் எதையும் சுரண்டாதீங்க, தேய்க்காதீங்கன்னு அவங்க லெட்டர்ல கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சே. படிச்சீங்கதானே?"

"படிச்சேன். அது வேலை தெரியாதவங்களுக்குப் போட்டது."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பதினாறு வயதில் பிரஷ்ஷைப் பிடித்தவர். முப்பது வருடமாக அந்த ஊரின் பாதி வீடுகள் அவர் கைபட்டுத்தான் பளபளத்தன. அவர் பூசிய கதவில் விரலை ஓட்டினால் பட்டுத்துணியைத் தடவுவது போலிருக்கும். அதனால் பட்டுக்கைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பழைய பெயிண்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி, தேய்த்து, ஊதிவிட்டு, பிறகுதான் புதுசு. "தேய்க்காம பூசுறது, குளிக்காம பவுடர் போட்டுக்கிற மாதிரி" என்பார். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அது சோம்பேறி வேலையாம்.

இந்த வீட்டையும் அப்படித்தான் வளர்த்தார். யாரும் வாங்கத் துணியாத எண்பது வருடத்துப் பழைய வீடு. ஒவ்வொரு மழையிலும் உரிந்துவிடும் ஜன்னல்களை வருடம் தவறாமல் தேய்த்து, பூசி, அழகு பார்த்தார். பதினோரு வருடம் காத்திருந்து ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, வெயில் நன்றாக விழும் இந்த அறையை அவளுக்கென்று ஒதுக்கினார்.

மூன்று வயதாகியும் அந்தக் குழந்தைக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அதில் காரீயம் இருந்தது. சின்னக் குழந்தைக்கு இருக்கவே கூடாத விஷம். "பழைய வீடா? அந்தக் காலத்துப் பெயிண்ட்ல இதைக் கலந்திருப்பாங்க. உரிஞ்சு விழுற சில்லு, தூசு, எல்லாம் குழந்தை கையில ஒட்டி வாய்க்குப் போகும்" என்றாள் நர்ஸ். அவளே ஒரு விண்ணப்பத்தையும் கொடுத்தாள். குழந்தைகள் இருக்கும் பழைய வீடுகளில் இப்படிப்பட்ட ஜன்னல், கதவுகளை மாற்றித்தர நகர நிர்வாகம் பொதுநிதியிலிருந்து பணம் ஒதுக்கியிருந்தது. இந்த வருடம் நாற்பது வீடுகளுக்கு மட்டும். கேட்டவர்களோ முந்நூறுக்கு மேல்.

பரிசோதகர் இன்று வந்து பார்த்துச் சரி என்று எழுதினால்தான் அந்த நாற்பதில் இடம். இல்லாவிட்டால் அந்தத் தூசியிலேயே குழந்தை இன்னும் ஒரு வருடம் வளரவேண்டும்.

"கேளுங்க," அவள் சட்டென்று எழுந்து அறைக்கதவை இழுத்துச் சாத்தினாள். "விதியை மீறிட்டோம்னு பேரை அடிச்சிடப் போறாங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்."

"பொய் சொல்லப் போறியா?"

"எம் பொண்ணுக்காக நூறு பொய் சொல்லுவேன். உங்களுக்குச் சொல்ல வராது, சும்மா நில்லுங்க, அது போதும்."

வாசலில் மணி அடித்தது. கை கழுவக்கூட நேரமில்லை.

பரிசோதகர் இளம்பெண். தோளில் ஒரு பை, கையில் துளை போடும் மெஷின் மாதிரி, காரீயம் அளக்கும் ஒரு கருவி. வாசற்கதவு வழக்கம்போல இறுகிக்கொண்டது. பட்டுக்கைக்காரர் தோளால் ஓர் இடி இடித்துத் திறந்தார். நிலையிலிருந்து பெயிண்ட் பொடி உதிர்ந்தது. பரிசோதகர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

"ஏதோ தீயுதுங்களே?"

"ஐயையோ, பாலு!" அவள் ஓடினாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிருந்தது.

திரும்பி வந்தபோது கருவி வாசல் நிலையில் அழுந்தியிருந்தது. டிக், டிக் என்று சத்தம். திரையில் எண்கள் ஏறின. பட்டுக்கைக்காரர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஆனால் ஆசை தாளாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல நாலு கோட் புதுசு அடிச்சிருந்தா?"

"அடியில இருக்கிறதையும் பார்த்திடும் சார்."

"அடேயப்பா! எங்க மேஸ்திரிக்கே அந்தக் கண்ணு கிடையாதும்மா."

மனைவி பின்னாலிருந்து அவர் முதுகில் கிள்ளினாள்.

பரிசோதகர் படிவத்தை எடுத்தார். எத்தனை ஜன்னல், எத்தனை பேர், குழந்தை எங்கே தூங்குகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு, "கடந்த ஒரு மாசத்துல வீட்டுக்குள்ள யாராவது பெயிண்ட்டைச் சுரண்டினாங்களா, தேய்ச்சாங்களா?"

"இல்லைங்க மேடம்," என்றாள் அவள், மூச்சுவிடாமல்.

பேனா காகிதத்தில் இறங்கிய அதே கணம், மாடிப்படியில் குட்டிக் கால்களின் சத்தம். மாடிவீட்டில் விளையாட விட்டிருந்த குழந்தை இறங்கி வந்துவிட்டாள். அப்பாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். தினமும் அப்படித்தான். வேலையிலிருந்து வந்து நின்றதும் அவர் கால்களைக் கட்டிக்கொண்டு, பேன்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ஊரே சேர்ந்து பட்டம் கொடுத்தபோது வராத பெருமை அவருக்கு அந்த நொடியில் வரும்.

அவர் குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்தார். தொடை முழுக்க வெள்ளைப் பொடி.

"கிட்ட வராதே!"

பிறந்ததிலிருந்து அந்தக் குரலைக் கேட்டறியாத குழந்தை நின்ற இடத்திலேயே உறைந்தாள். உதடு பிதுங்கியது. பிறகு வீடே அதிரும்படி அழுதாள். தூக்கப்போன கைகளை அவர் தாமே இழுத்துக்கொண்டார். பெற்ற மகள் இரண்டடி தூரத்தில் அழ, தொட முடியாமல் நிற்கும் தகப்பனின் நிலைமை எதிரிக்கும் வரவேண்டாம்!

"பிள்ளையைத் தூக்கு. நீ தூக்கு," என்றார் மனைவியிடம். பிறகு பரிசோதகரைப் பார்த்தார். "எழுதுனதை அடிச்சிடுங்கம்மா. சுரண்டினேன். இப்பதான், அந்த ரூம்ல. வருஷா வருஷம் சுரண்டுறேன். வேலை செய்யற வீடுகள்லேயும் இதே துணிதான், இதே தூசுதான். இதோடதான் வந்து பிள்ளையைத் தூக்குவேன்." வெளுத்த கைகளை முன்னால் நீட்டிப் பார்த்தார். "அப்ப நான்தானா? எம் பொண்ணுக்கு நானேதான் கொடுத்தேனா?"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

பரிசோதகர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"இந்தக் கேள்வி உங்க பேரை எடுக்கறதுக்கு இல்லைங்க. இன்னைக்கு ராத்திரி குழந்தை எங்க தூங்கணும்னு தெரிஞ்சுக்கத்தான். நீங்க சொல்லாம இருந்திருந்தா அந்த ரூம்லயே படுக்க வச்சிருப்பீங்க." பேனாவை மூடினார். "எங்க அப்பாவும் கட்டட வேலைதான் சார். முப்பது வருஷமா உங்களுக்கு யாருமே சொல்லல. அது உங்க தப்பு மட்டும் இல்ல."

"பேரு இருக்குங்களா மேடம்?" அவள் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"வாசல்ல வந்த அளவே போதும். குழந்தைக்கு ரத்தத்துல இவ்வளவு இருந்தா முதல் பத்து வீட்டுக்குள்ளயே போட்டுடுவோம். மூணு வாரத்துல ஆள் வரும். உள்ள ரூம் தூசை மட்டும் இன்னைக்கு அளந்து பிரயோஜனமில்ல, மறுபடி வர்றேன். அதுவரைக்கும் அந்த ரூமைத் திறக்காதீங்க, பெருக்காதீங்க. மத்த இடத்தை ஈரத்துணியால துடைங்க. வேலை முடியற வரைக்கும் குழந்தை வேற வீட்ல இருக்கட்டும்."

"எங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கே போறேன்."

"நான் போய்ப் பார்க்கலாமா?" பட்டுக்கைக்காரர் சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார்.

"குளிச்சிட்டு, வேற துணி மாத்திட்டு, தாராளமா. வேலைத் துணியைத் தனியா துவைங்க. அப்புறம் சார், இனிமே தண்ணி தெளிச்சுத்தான் தேய்க்கணும், தூசு பறக்காது. அதைச் சோம்பேறி வேலைன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க அப்பா அப்படித்தான் சொல்லுவாரு."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டுக்கோங்க! நான் சொன்னா ஏறாது."

"டீ கூட குடிக்காம போறீங்களே," என்றார் பட்டுக்கைக்காரர்.

"பால்தான் அடுப்பு குடிச்சிடுச்சே," என்று சொல்லிக்கொண்டே பரிசோதகர் படி இறங்கினார். இறங்கியவர் திரும்பினார். "சார், கதவு! இடிச்சுச் சாத்தினா ஒவ்வொரு தடவையும் நிலையிலேருந்து உதிரும். கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க."

தெருமுனையில் பரிசோதகர் திரும்பும்வரை பட்டுக்கைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவி, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து வந்தார். வாசலில் உதிர்ந்திருந்த பொடியை அதில் ஒற்றி ஒற்றி எடுத்தார். தூரத்தில், அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்தபடி குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, கதவைச் சற்றே மேலே தூக்கி, அவர் மெதுவாகச் சாத்தினார். ஒரு சில்லுகூட உதிரவில்லை.