கட்டையை அடித்தது நான்

2010ஆம் ஆண்டு, இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் தெற்குக் கரையில் ஒரு கிராமத்தில் இது நடந்தது. அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றுகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரன் இலங்கையிலிருந்து போன எங்கள் மூன்று பேரை அங்கே கொண்டுபோய் விட்டான். இரண்டு பேரை ஒரு கிழமையில் கூட்டிக்கொண்டு போனான். நான் மிஞ்சினேன். ஏழு மாதம் அந்த ஊரில் இருந்தேன்.

இப்போது பாரிசில், லாச்சப்பலில், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் இதை எழுத வேண்டும்.

என்னை வைத்திருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். நெல் விதைக்கிற கமக்காரர். மனைவி இறந்துவிட்டார். மகன் பட்டணத்தில். நான் அவரை 'பாக்' என்று கூப்பிடுவேன். அங்கே மூத்த ஆண்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஏஜென்சிக்காரன் முதல் மாதத்தோடு எட்டிப் பார்க்கவில்லை. பாக் என்னைப் போகச் சொல்லவும் இல்லை. தன் சட்டியில் இருந்ததில் பாதியை எனக்குப் போட்டார்.

பொலிஸ் நிலையம் மிகத் தூரம். அதனால் ஊரை ஊர்தான் காத்தது. வீட்டுக் கதவுகளுக்குப் பூட்டே இல்லை. சந்தியில் ஒரு மூங்கில் கொட்டில். அதன் கூரை வளையில், உள்ளே குடைந்து கோறையான ஒரு மரக்கட்டை தொங்கும். வீட்டுக்கு ஒரு ஆளாக முறை வைத்து அங்கே காவல் இருப்பார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்னத் தகரப் பேணி தொங்கும். அதற்குள் ஒரு பிடி அரிசி இருக்கும். காவலுக்குப் போகிறவர்கள் அதை எடுத்து ஊர்ச் சாக்கில் போட வேண்டும். அரிசி எடுக்கப் போனால் எல்லா வாசலுக்கும் போக வேண்டும். அப்படியே எல்லா வீட்டையும் பார்த்ததாகிவிடும். நல்ல யோசனை என்று நினைத்தேன்.

ஏதாவது நடந்தால் கட்டையை அடிப்பார்கள். இரண்டு இரண்டாக அடித்தால் கள்ளன். மூன்று மூன்றாக அடித்தால் நெருப்பு. பாக் அதை என் முழங்காலில் விரலால் தட்டித் தட்டிப் பழக்கினார். அவருக்கு முழங்கால் வருத்தம். அவருடைய முறை வந்தால் நானும் கூடப் போவேன். ஊர்ச் சனத்துக்கு நான் யாரென்று தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள்.

அன்று அறுவடை. ஊர் முழுக்க வயலில். அப்படியான நாளில் வீடுகள் வெறுமையாகக் கிடக்கும் என்பதால் பகலிலும் காவல் இருக்கும். பாக்கின் முறை. மத்தியானத் தொழுகைக்குக் கூப்பிட்டார்கள்.

"தொழுதிட்டு வாறன். நீ இரு. பகலிலை என்ன நடக்கப் போகுது?" என்று பாக் எழும்பிப் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரம்தான். ஒரு வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். தோளில் ஆடு. நான் முன்பு கண்ட முகம் இல்லை. ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிற ஆட்களை நான் எங்கள் ஊரில் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் யாரிடமிருந்தோ தப்பி ஓடியவர்கள். இவனும் தப்பி ஓடுகிறான் என்றே என் கண் பார்த்தது.

தடியை எடுத்து இரண்டு இரண்டாக அடித்தேன். பலமாக அடித்தேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. ஏழு மாதம் சும்மா இருந்து தின்றவன், இன்றைக்கு இந்த ஊருக்கு ஒன்று செய்கிறேன் என்ற சந்தோஷம். இதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் கூடக் கூச்சம்.

வயலிலிருந்து சனம் வந்தது. முப்பது பேருக்கு மேல். வெட்டிக்கொண்டு நின்றவர்கள் அரிவாளோடேயே வந்தார்கள். சந்திக்குப் பக்கத்துக் கிணற்றடியில் அவனை மடக்கினார்கள். வெட்டவில்லை. அரிவாள் பிடியால் அடித்தார்கள். காலால் உதைத்தார்கள்.

அப்போதுதான் புகையைக் கண்டேன். அவன் ஓடிவந்த வீட்டின் பின்னால், தென்னைகளுக்கு நடுவே. ஆட்டுக் கொட்டில் கூரை பற்றி எரிந்தது.

அவன் விழுந்து கிடந்து "ஆபி, ஆபி" என்று கத்தினான். ஆபி என்றால் நெருப்பு. அது எனக்குத் தெரியும். அடித்தவர்களின் சத்தத்தில் அவன் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. கட்டையடியில் நின்ற எனக்குக் கேட்டது.

தடி என் கையில் இருந்தது. மூன்று மூன்றாக அடித்திருந்தால் போதும். அந்த ஒரு சொல்லை நானும் கத்தியிருந்தாலும் போதும். எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதற்குத்தான் பயந்தேன். திரும்பினால் என்னைத்தானே பார்ப்பார்கள்? யார் பிழையாக அடித்தது என்று கேட்பார்கள். பொலிஸ் வரும். முந்தின கிழமைதான் பக்கத்து ஊரில் எங்கள் ஆட்கள் ஐந்து பேரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

தடியைக் கீழே வைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவனுக்கு அது நீண்ட நேரமாக இருந்திருக்கும்.

கூரை விழுந்த சத்தத்தில்தான் சனம் திரும்பியது. அவனை விட்டுவிட்டு நெருப்புக்கு ஓடினார்கள். கொட்டில் முழுக்கப் போய்விட்டது. வீட்டில் ஒரு பக்கம் எரிந்தது. உள்ளே கட்டியிருந்த மற்ற ஆடு செத்துப்போனது. அவர் கிணற்றடியில் வலது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

இனி அவரை அவர் என்றுதான் எழுத வேண்டும். பக்கத்துக் குறிச்சியிலிருந்து நெல் வெட்டக் கூலிக்கு வந்தவர். தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்கு வந்தபோது நெருப்பைக் கண்டிருக்கிறார். ஒரு ஆட்டைத்தான் அவிழ்க்க முடிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வயலில் நின்றவர்களைக் கூப்பிட ஓடியிருக்கிறார். நெருப்பு வீட்டுக்குத் தாவுகிறதா என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

பின்னேரம் ஊர்த் தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது. ஒரு பொலிஸ்காரரும் கொப்பியோடு வந்திருந்தார். பாக் என்னை வீட்டில் இருக்கச் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து மூங்கில் வேலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"கட்டை அடிச்சது ஆர்?" என்று தலைவர் கேட்டார்.

பாக் எழும்பினார். "என்ரை முறை. நான்தான் அடிச்சனான்."

"ஆட்டைக் கண்ட கண்ணுக்கு நெருப்புத் தெரியேல்லையோ?" என்று ஒரு பெண் கத்தினாள். அவளுடைய கொட்டில்தான் எரிந்தது.

"இந்த மனுசன் அந்த நேரம் தொழுகையிலை எல்லோ நிண்டவர்" என்று பின்னால் ஒருவர் மெல்லச் சொன்னார். பாக் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். சொன்னவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாக் யாரைக் காப்பாற்றுகிறார் என்று சனத்துக்கு விளங்கிவிட்டது. பொலிஸ்காரர் பாக்கின் பெயரை எழுதினார்.

காவல் முறை எழுதிய பலகையில் பாக்கின் பெயரை வெட்டிவிட்டார்கள். அந்த ஊரில் அது பெரிய அவமானம். நாற்பது வருடம் அவர் முறை தவறியதில்லையாம். கை சுகமாகும்வரை காயப்பட்டவருக்கு இருந்த ஒரு துண்டு வயலின் வேலையையும் அவரே செய்து கொடுக்க வேண்டும் என்றார்கள். பாக் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து வழமைபோலச் சோறு போட்டார். நான் கையை வைக்கவில்லை.

"சாப்பிடு. என்ரை பேரை எழுதினா எனக்கு ஏச்சு. உன்ரை பேரை எழுதினா உனக்குச் சிறை. அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த நாள் விடிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். வாசலில் நின்று, "வாறியோ?" என்று கேட்டார்.

"கால் நோகுது" என்றேன்.

எனக்குக் கால் நோகவில்லை. நோவெல்லாம் அவருடைய காலில்தான். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நொண்டி நொண்டிப் போனார். அதற்குப் பிறகு என்னைக் கேட்கவே இல்லை. பதினொரு நாள் அப்படிப் போய்வந்தார். காயப்பட்டவருடைய வீடு அரை மணி நேர நடைதான். நான் ஒரு நாளும் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் ஏஜென்சிக்காரனின் ஆள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கப்பல் சரிவராது என்று மலேசியாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கடைசியில் பாரிசுக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே அகதிக் கோரிக்கை முதலில் மறுத்தார்கள். பிறகு ஏற்றுக்கொண்டார்கள். பத்து வருட வதிவிடக் கார்ட் கையில் கிடைத்த அன்று வேலைக்குப் போனேன். எங்கள் கடை ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் இருக்கிறது. குசினியில் என்னோடு ஒரு சமையல்காரன் வேலை செய்கிறான். என் வயதுதான், வாய்காரன். ஜாவாவில் ஒரு கிழவர் எனக்குச் சோறு போட்டார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். மற்றதை நான் சொன்னதில்லை.

"சோறு போட்ட மனுசனுக்குக் கார்ட் கிடைச்சதெண்டு ஒரு சொல்லுச் சொல்லன், மச்சான்" என்றான்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"அதுவும் சரி. நீ வாய் திறக்கிறதே சாப்பிடத்தானே. நம்பர் இருக்கோ?"

பாக்கின் மகனுடைய நம்பர் பழைய கொப்பியில் இருந்தது. மத்தியான வேலை முடிந்து கடை பூட்டியிருந்த நேரம் அவனே தன் போனில் வாட்ஸப் வீடியோ போட்டான். மகன்தான் எடுத்தார். ஊருக்கு வந்திருந்தாராம். போனைத் தகப்பனிடம் கொடுத்தார்.

பாக்குக்கு முன்பல் இல்லை. என்னைக் கண்டதும் சிரித்தார். "சாப்பிட்டியோ?" என்பதுதான் முதல் கேள்வி. கார்டைக் கமராவுக்குக் காட்டினேன். பக்கத்தில் இருந்த யாருக்கோ சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பிறகு போனை அந்த ஆளிடம் திருப்பினார்.

அவர்தான், கிணற்றடியில் அடிபட்டவர். கோப்பிக் கோப்பையை இடது கையால் பிடித்துக்கொண்டு இருந்தார். அந்த வயல் வேலையோடு இரண்டு பேரும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள் போல.

"ஓ, இந்தக் குருட்டுக் கிழவன் வீட்டிலை நிண்ட ஆளோ?" என்று கேட்டார். வலது கையை உயர்த்திக் காட்டினார். இரண்டு விரல் வளைந்தபடி நின்றன. "பாத்தியோ இவன்ரை கண் செய்த வேலையை? இதாலை சிகரெட் பிடிக்க மட்டும்தான் ஏலும்."

பாக் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்கு இடம் விட்டார் என்று நினைக்கிறேன்.

அடித்தது நான் என்று சொல்ல அவர்களுடைய மொழியில் மூன்று சொல் போதும். அந்த மூன்றும் எனக்குத் தெரியும். வாய்க்குள் வந்தும் விட்டன.

"இங்கே சரியான குளிர்" என்றேன்.

"குளிரோ? கெட்டியா உடுத்து" என்று அந்த மனுசன் கையை விரித்துக் காட்டிச் சொன்னார். இரண்டு விரல் விரியவில்லை. பிறகு லைன் விட்டு விட்டு வந்தது. நின்றுபோனது.

"என்ன சொன்னவை?" என்று சமையல்காரன் கேட்டான்.

"சுகமாம்" என்றேன். போய்க் கோப்பை கழுவினேன்.

அதற்குப் பிறகு இரண்டு தரம் அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அழுத்தவில்லை. அன்றைக்குப் பொலிஸுக்குப் பயம், கையில் பேப்பர் இல்லை என்று எனக்கு நானே சொல்லலாம். போன் கதைத்த அன்று பத்து வருடக் கார்ட் கையில்தான் இருந்தது. என்னைப் பிடிக்க ஒரு பொலிஸும் இல்லை. ஆக, அது பயம் மட்டும் இல்லை. தான் செய்யாத பிழையை அந்தக் கிழவர் சிரித்துக்கொண்டு சுமக்கிறார். அவர் சுமப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

இப்போது இதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த ஊரில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.